பழைய ஸ்போர்ட்ஸ் கார்: ஈசியுவுக்குத் தெரியாமல் இன்ஜெக்டர் மாற்றுவது

முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஐட்லிங்கில் குலுங்குகிறது, காலையில் மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் உயிர் வருகிறது என்றால், பழி முதலில், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தலையில்தான் விழும். பல நேரம் அது நியாயமான பழிதான். கோளாறு அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. பழைய இன்ஜெக்டரின் சிசி எண்ணை, அதாவது ஒரு நிமிடத்தில் எவ்வளவு பெட்ரோல் பாயும் என்ற அளவை, தேடிக் கண்டுபிடிப்பார்கள். அதே எண் உள்ள ஒரு செட்டையோ, 'கொஞ்சம் பவர் கூடட்டுமே' என்று அதைவிடப் பெரிய செட்டையோ வாங்கி மாட்டுவார்கள். புதிதாகப் போட்டும் ஓட்டம் முன்னைவிட மோசமாகிவிட்டதே என்று பிறகு தலையைச் சொறிவார்கள்.

இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியு பெட்ரோலை அளப்பதே இல்லை. உள்ளே வரும் காற்றை அளக்கிறது, இன்ஜினின் சூட்டையும் சுழற்சியையும் பார்க்கிறது, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைப்பது என்று முடிவெடுக்கிறது. அந்த நேரத்துக்குள் எவ்வளவு பெட்ரோல் இறங்கும் என்பது கார் தயாரானபோது இருந்த இன்ஜெக்டரை வைத்துப் போட்ட கணக்கு. பாஷ் இன்ஜெக்ஷன் அமைப்புகளில், 1970களின் நடுவில் வந்த எல்-ஜெட்ரானிக்கிலும், 1979இல் வந்த மோட்ரானிக்கின் ஆரம்பப் பதிப்புகளிலும் இந்தக் கணக்கை வெளியிலிருந்து மாற்ற எளிய வழி கிடையாது. ஆகவே ரீமேப் செய்யாத, அதாவது ஈசியுவின் கணக்கை மாற்றி எழுதாத காருக்கு நல்ல மாற்று இன்ஜெக்டர் எதுவென்றால், மாற்றியதே ஈசியுவுக்குத் தெரியாதபடி வேலை செய்வதுதான். சிசி எண் அதில் ஒரு பங்கு மட்டுமே. பாயும் அளவு எந்த அழுத்தத்தில் சொல்லப்பட்டது, திறக்க எடுக்கும் நேரம், காயிலின் ஓம் (மின்தடை), தெளிப்பின் வடிவம், உடலின் நீளம் என்று மீதியெல்லாம் விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இன்ஜெக்டர்தான் குற்றவாளி என்று உறுதி செய்யாமல் காசை எடுக்காதீர்கள். முதலில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். எல்-ஜெட்ரானிக் வகைக் கார்கள் பலவற்றில் 2.5 பார், அதற்குப் பிந்தியவற்றில் 3 பார் என்பது வழக்கமான அளவு. உங்கள் மாடலுக்கான சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஐட்லிங்கில், அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்கம் குழாயைக் கழற்றினால் அழுத்தம் சுமார் அரை பார் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. இன்ஜின் அந்தக் குழாய் வழியாகவே பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

கூலன்ட் வெப்ப சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். அதன் பின்னில் பச்சை பிடித்து ஓம் ஏறினால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று ஈசியு நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றும். எல்-ஜெட்ரானிக் கார்களில், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தெளிக்க, கோல்ட் ஸ்டார்ட் வால்வு என்று தனியாக ஒன்று உண்டு. அது சொட்டினால் எல்லா இன்ஜெக்டரும் கெட்டதுபோலவே அறிகுறி காட்டும். அதைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் நீட்டி, கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ரெயிலுக்கு அழுத்தம் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டுகூட வரக்கூடாது.

வண்டியை நிறுத்தியதும் கேஜ் முள் சரசரவென்று இறங்கினால் கசிவு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு, ரெகுலேட்டர், அல்லது இன்ஜெக்டர். ரிட்டர்ன் ஹோஸை மெதுவாக அழுத்திப் பிடித்தால் முள் நிற்கிறதா? அப்படியென்றால் ரெகுலேட்டர். பம்ப் பக்கத்து ஹோஸை அழுத்தினால் நிற்கிறதா? செக் வால்வு. இரண்டையும் அழுத்திய பிறகும் இறங்கினால்தான் இன்ஜெக்டர் மேல் சந்தேகம் வலுக்கும். ஹோஸ் பழசாகி விறைத்திருந்தால் அழுத்தும்போதே வெடிக்கும். அந்த நிலைக்கு வந்த ஹோஸை முதலில் மாற்றிவிட்டுத்தான் சோதனையே.

அடுத்தது மல்டிமீட்டர். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஓமையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, நன்றாகச் சூடேறியபின் ஒரு தடவை எழுதி வையுங்கள். சூட்டில் ஓம் கொஞ்சம் ஏறுவது இயல்பு, எல்லாம் ஒன்றுபோல ஏறும். ஒன்று மட்டும் விலகி நின்றாலோ, சூட்டில் திடீரென்று ஓப்பன் காட்டினாலோ காயில் போய்விட்டது. இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஒரு சிலிண்டர் மிஸ் அடித்து, ஆறியதும் சரியாகிவிடும் கார்கள் பலவற்றுக்கு இதுதான் கதை.

காயில் நன்றாக இருந்து, பாய்ச்சல் மட்டும் குறைந்திருந்தால், மாற்றுவதற்கு முன் அல்ட்ராசோனிக் கிளீனிங் செய்து பாய்ச்சலைச் சோதிக்கும் பெஞ்சில் அளப்பதே முதல் வேலை. அசல் இன்ஜெக்டரைவிட அந்த ஈசியுவுக்குப் பொருத்தமானது எதுவும் இல்லை. மாதக்கணக்கில் நின்ற காரில் பெட்ரோல் பிசினாகி ஒட்டியிருப்பது கிளீனிங்கில் போய்விடும். உள்ளிருக்கும் ஃபில்டர், ஓ-ரிங், நுனித் தொப்பி மூன்றையும் அதே நேரத்தில் புதிதாகப் போட வேண்டும். தேய்ந்த ஊசியையும், பள்ளம் விழுந்த சீட்டையும், துரு தின்ற உடலையும் கிளீனிங் காப்பாற்றாது. சுத்தம் செய்தபின்னும் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் கசிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பெஞ்ச் அறிக்கையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சுத்தம் செய்தபின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிசி, எந்த அழுத்தத்தில், ஒவ்வொன்றுக்கும் இடையில் எத்தனை சதவீத வித்தியாசம் என்று அதில் இருக்கும். கடைசியில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும், புதியதைத் தேடுவதற்கு இந்தத் தாள்தான் அடிப்படை.

சிசி எண்ணும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் அழுத்தமும்

அழுத்தம் சொல்லாத சிசி எண்ணுக்கு அர்த்தமில்லை. பாய்ச்சல், அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி மாறும். 3 பாரில் 300 சிசி தரும் இன்ஜெக்டர் 2.5 பாரில் 274 சிசிதான் தரும். 4 பாரில் 346 தரும். இன்று விற்பவர்கள் பெரும்பாலும் 3 பாரில் அளந்த எண்ணைத்தான் போடுகிறார்கள். உங்கள் கார் 2.5 பாரில் ஓடுகிறது, அசல் இன்ஜெக்டர் அந்த அழுத்தத்தில் 274 சிசி என்று வைத்துக்கொள்வோம். '274 சிசி' என்று எழுதியிருக்கிறதே என்று ஒன்றை வாங்கி மாட்டினால், உங்கள் ரெயிலில் அது 250 சிசி தரும். ஒன்பது சதவீதம் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. ஐட்லிங்கில், எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் சமாளித்துவிடும், சாதாரண ஓட்டத்தில் எதுவும் தெரியாது. திராட்டிலை முழுக்க மிதிக்கும்போது ஈசியு சென்சாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் மேப்பை மட்டும் நம்பும். அப்போதுதான் அந்த ஒன்பது சதவீதம் பிஸ்டனில் வந்து நிற்கும். லாம்டா சென்சாரே இல்லாத பழைய காரில் சமாளிக்கவும் ஆளில்லை.

அளந்த திரவமும் ஒரு விஷயம். ஹெப்டேனில் அளந்த எண்ணுக்கும் பெட்ரோலில் அளந்த எண்ணுக்கும் சில சதவீத வித்தியாசம் வரும். பழையதையும் புதியதையும் ஒரே பெஞ்சில், ஒரே அழுத்தத்தில் அளந்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இன்ஜினில் மாற்றம் செய்தவர்களுக்கு எத்தனை சிசி வேண்டும் என்ற கணக்கு இது. குதிரைத்திறனை, ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் எரியும் பெட்ரோலால் பெருக்குங்கள். டர்போ இல்லாத இன்ஜினுக்கு 0.5 பவுண்டு, டர்போவுக்கு 0.6 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். வந்ததை இன்ஜெக்டர்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு 0.8 ஆல் வகுத்து, 10.5 ஆல் பெருக்கினால் சிசி கிடைக்கும். ஆறு சிலிண்டர், 200 குதிரைத்திறன், டர்போ இல்லை: சுமார் 219 சிசி. நாலு சிலிண்டர், 250 குதிரைத்திறன், டர்போ: சுமார் 492 சிசி. அந்த 0.8 என்பது இன்ஜெக்டர் நூற்றில் எண்பது பங்கு நேரம்தான் திறந்திருக்கலாம் என்ற பாதுகாப்பு வரம்பு. 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்ற, 20 மில்லிசெகண்ட்தான் இருக்கிறது. எல்-ஜெட்ரானிக் எல்லா இன்ஜெக்டரையும் ஒன்றாக, கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை திறப்பதால், அந்த 20 இரண்டு பத்துகளாகப் பிரிந்துவிடும். திறக்கும் தாமதமும் இரண்டு தடவை கழியும்.

கணக்கில் 219 வந்தால் 220, 240 பக்கம் தேடுங்கள். 'பின்னால் உதவும்' என்று 440 வாங்குவது ரீமேப் இல்லாத காரில் வெறும் தொந்தரவு.

திறக்க எடுக்கும் நேரம்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஈசியு கரண்ட் கொடுத்த நொடியே இன்ஜெக்டர் திறந்துவிடாது. காயிலில் காந்தம் ஏறி, ஸ்பிரிங்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் மீறி ஊசி மேலே எழும்ப ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். இதை டெட் டைம் என்பார்கள். பாட்டரி வோல்டேஜ் குறையக் குறைய இது நீளும். ஈசியு இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு திறக்கச் சொல்லும் ஒவ்வொரு பல்ஸிலும் அந்த நேரத்தைச் சேர்த்துத்தான் கொடுக்கிறது. ஆனால் அது அறிந்திருப்பது பழைய இன்ஜெக்டரின் டெட் டைமை.

எண்களில் பார்ப்போம். ஐட்லிங்கில் பல்ஸ் 2.5 மில்லிசெகண்ட். பழைய இன்ஜெக்டரின் டெட் டைம் 1.0. உண்மையில் பெட்ரோல் பாய்வது 1.5 மில்லிசெகண்ட். இப்போது அதே சிசி உள்ள, ஆனால் வேகமாகத் திறக்கும் நவீன இன்ஜெக்டரை மாட்டுகிறோம். அதன் டெட் டைம் 0.7. பெட்ரோல் பாயும் நேரம் 1.8 ஆகிவிட்டது. சிசி ஒன்றுதான், ஐட்லிங்கில் மட்டும் 20 சதவீதம் ரிச், அதாவது பெட்ரோல் கூடுதல்! முழு திராட்டிலில் பல்ஸ் 10 மில்லிசெகண்ட் என்றால் 9.0 போய் 9.3 வரும், வித்தியாசம் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் இப்படிப்பட்ட கார் சாலையில் பறக்கும், சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை வீசி இருமும், பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். டெட் டைம் கூடுதலான இன்ஜெக்டர் போட்டால் நேர் எதிர்: ஐட்லிங்கில் லீன், குளிர்ந்த ஸ்டார்ட்டில் இழுபறி, மேலே போனால் சரி.

ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை சிசி' இல்லை. 'வோல்டேஜ் வாரியாக டெட் டைம் அட்டவணை இருக்கிறதா, எந்த அழுத்தத்தில் எடுத்தது' என்பதுதான். 14 வோல்ட்டுக்கு ஒரே ஒரு எண்ணை மட்டும் சொல்பவரிடம் பொறுமையாக 12க்கும் 10க்கும் கேளுங்கள். காலையில் செல்ஃப் அடிக்கும்போது பாட்டரி 10 வோல்ட்டுக்குத்தான் இறங்கியிருக்கும்.

பெரிய இன்ஜெக்டர் போடும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஐட்லிங்குக்குத் தேவையான பல்ஸ் சுருங்கி 2 மில்லிசெகண்டை நெருங்கும்போது, பழைய பாணி இன்ஜெக்டர்கள் ஒரு தடவை திறந்ததுபோல அடுத்த தடவை திறப்பதில்லை. ஐட்லிங் அலைபாயும். ரீமேப் செய்தாலும் இது முழுதாகப் போகாது.

ரீமேப் இல்லாமல் பெரிய இன்ஜெக்டரை ஏற்க, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் மடல் ஸ்பிரிங்கை இறுக்கிக் காற்றைக் குறைத்துக் காட்டும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. இக்னிஷன் தனியாக டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் எல்-ஜெட்ரானிக் காரில் இதன் பாதிப்பு கலவையோடு நின்றுவிடும். மோட்ரானிக் போல இக்னிஷனையும் ஈசியுவே பார்க்கும் காரில் கதை வேறு. காற்று குறைவு என்று காட்டினால் இன்ஜினுக்குப் பாரம் இல்லை என்று நினைத்து ஈசியு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னே தள்ளும். டர்போ காரில் அது நாக்கிங்கில் (கலவை தாறுமாறாக வெடிப்பதில்) போய் முடியும். டர்போ காரில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஓம்

பழைய கார்களில் இரண்டு வகை. ஹை இம்பீடன்ஸ் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். லோ இம்பீடன்ஸ் 2 முதல் 5 ஓம் வரை. 14 ஓம் காயில் 14 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும். 2.5 ஓம் காயில் நேரடியாக இணைத்தால் 5.6 ஆம்பியர் இழுக்கும். ஹை இம்பீடன்ஸுக்காகச் செய்யப்பட்ட ஈசியுவில் லோ இம்பீடன்ஸ் மாட்டினால் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் புகைந்துவிடும். பழைய ஈசியு கிடைப்பதே அரிது என்பதால் இந்தத் தவறு மட்டும் நடக்கவே கூடாது.

தலைகீழாக, லோ இம்பீடன்ஸ் காரில் ஹை இம்பீடன்ஸ் மாட்டுவது ஆபத்தில்லை. ஆனால் கவனிக்க ஒன்று உண்டு. டாட்சன் 280இசட் போன்ற கார்களில் இன்ஜெக்டர் வயரில் தொடராக ரெசிஸ்டர் இருக்கும், கரண்டைக் கட்டுப்படுத்த. 6 ஓம் ரெசிஸ்டரும் 2.5 ஓம் காயிலும் சேர்ந்தால் 1.65 ஆம்பியர், நல்ல பொருத்தம். அந்த ரெசிஸ்டரை அப்படியே விட்டுவிட்டு 14 ஓம் இன்ஜெக்டர் மாட்டினால் காயிலுக்கு 9.8 வோல்ட்தான் போய்ச் சேரும். திறக்கத் தாமதமாகும், மேலே சொன்ன டெட் டைம் தொல்லை இன்னும் பெரிதாகும். ஹை இம்பீடன்ஸுக்கு மாறினால் ரெசிஸ்டர் பாக்ஸைக் கழற்றி, வயரை நேராக இணைக்க வேண்டும். பின்னாளில் யாராவது திரும்ப லோ இம்பீடன்ஸ் மாட்டிவிடாதபடி அந்த இடத்தில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

பீக் அண்ட் ஹோல்ட் வகை ஈசியுக்களும் உண்டு. 4 ஆம்பியர் வரை ஏற்றித் திறந்து, பிறகு 1 ஆம்பியரில் பிடித்து வைப்பது பரவலான அளவு. இவற்றில் ஹை இம்பீடன்ஸ் பொதுவாக ஓடும், திறப்பு கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

உடலும் தெளிப்பும்

பாஷ் இன்ஜெக்டர்களில் எண்ணைப் பார்த்தாலே தலைமுறை தெரியும். 0 280 150 என்று தொடங்கினால் பழைய தடித்த ஈவி1 வகை. 0 280 155, 156 என்றால் ஒல்லியான ஈவி6. 0 280 158 என்றால் ஈவி14. தலைமுறை மாறினால் டெட் டைம், கனெக்டர், நுனி நீளம் எல்லாமே மாறும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை ஓ-ரிங் நடுவிலிருந்து ஓ-ரிங் நடுவுக்கு அளக்க வேண்டும். சுமார் 60, 48, 34 மில்லிமீட்டர் என மூன்று நீளங்கள் புழக்கத்தில் உண்டு. மேல் ஓ-ரிங்கின் வெளி விட்டம் பாஷ் பாணியில் 14 மில்லிமீட்டர், பல ஜப்பானிய கார்களில் 11. நீளம் குறைந்தால் அடாப்டர் போட்டு உயர்த்தலாம். அடாப்டர் ஒவ்வொன்றும் கசியக்கூடிய ஓர் இணைப்பைக் கூட்டுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நுனி, காற்று நுழையும் வழியான போர்ட்டுக்குள் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதும் முக்கியம். உள்ளே ஒளிந்துகொண்டால் தெளிப்பு போர்ட் சுவரில் அடித்து வழியும். அப்படி வழிந்த பெட்ரோல் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாமல் தேங்கி, மிதித்ததும் ஒரு கணம் தடுமாறச் செய்யும்.

சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள இன்ஜினில் இன்ஜெக்டர் பொதுவாக இரண்டு கூம்பாகப் பிரிந்து, இரண்டு இன்டேக் வால்வின் முதுகிலும் தெளிக்கும். ஒற்றைக் கூம்புள்ளதை அங்கே மாட்டினால் நடுச் சுவர்தான் நனையும். இரட்டைக் கூம்பில் திசையும் உண்டு. கனெக்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் கூம்புகள் வால்வை நோக்கும். வயருக்கு வசதியாக இருக்கிறதே என்று இன்ஜெக்டரைத் திருப்பி வைத்தால் தெளிப்பும் திரும்பிவிடும். பழைய ஒற்றை ஊசி இன்ஜெக்டருக்குப் பதில் நாலு துளை உள்ளது போட்டால் ஐட்லிங் மென்மையாகும் என்பது உண்மைதான், தெளிப்புக் கோணமும் டெட் டைமும் ஒத்துவந்தால் மட்டும்.

நிசான் 300இசட்எக்ஸின் இசட்32 மாடலில் இருப்பதுபோன்ற பக்கவாட்டில் பெட்ரோல் நுழையும் இன்ஜெக்டருக்கு, மேலிருந்து நுழையும் வகை நேரடி மாற்றாகாது. ரெயிலையே மாற்ற வேண்டும். அந்தக் காரில் இன்ஜெக்டர்கள் காற்றுப் பெட்டியான மேல் பிளீனத்துக்கு அடியில் இருப்பதால் ஒரு தடவை திறக்கவே பெரிய வேலை. அதனால் ஒன்றை மட்டும் மாற்றி மூடுவது வீண். ஆறையும் மாற்றி, அங்கே ஒளிந்திருக்கும் ஹோஸ்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

போர்ஷே 911இல் 1973இல் வந்த கே-ஜெட்ரானிக் போன்ற அமைப்புகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதில் காயிலும் இல்லை, பல்ஸும் இல்லை. இன்ஜின் ஓடும்வரை தொடர்ந்து தெளித்துக்கொண்டே இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது திறக்கும் அழுத்தம், மூடியபின் சொட்டாமை, தெளிப்பின் சீர் ஆகியவை. திறக்கும் அழுத்தம் எல்லா இன்ஜெக்டரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சிசி எண் பார்த்து அங்கே ஷாப்பிங் செய்ய எதுவும் இல்லை.

போலிகள் பற்றிச் சுருக்கமாக. உடலில் உள்ள எண் மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால், ஒரே செட்டில் பிளாஸ்டிக் நிறம் மாறி மாறி இருந்தால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். 'ரீமேனுஃபாக்சர்டு' என்று சொல்லி விற்பது பல நேரம், கழுவி ஓ-ரிங் மாற்றியதுதான். அதில் தவறில்லை, பெஞ்ச் அறிக்கை இருந்தால். செட்டுக்குள் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 5 சதவீதம் என்றால் திருப்பி அனுப்பலாம், ஏனென்றால் பழைய ஈசியு எல்லா சிலிண்டருக்கும் ஒரே பல்ஸைத்தான் கொடுக்கிறது. லீனான ஒரு சிலிண்டரை அது தனியாகக் கவனிக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல் போடுபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ரப்பர்: நைட்ரைல் ஓ-ரிங் வேண்டாம், விட்டான் கேளுங்கள். அளவு: 10 சதவீத எத்தனாலுக்கு 3 அல்லது 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை, 85 சதவீதக் கலவைக்கு 30 சதவீதத்துக்கு மேல். இரண்டாவதுக்கு ரீமேப் இல்லாமல் வழியே இல்லை.

மாட்டும்போது

பெட்ரோல் டேங்கில் துரு இருந்தால் புது இன்ஜெக்டர் சில வாரத்திலேயே பழையதாகிவிடும். டேங்கைப் பாருங்கள், ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள், பிறகு இன்ஜெக்டரைத் தொடுங்கள்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டால் ரெயிலில் உள்ள அழுத்தம் தீர்ந்து தானாக நிற்கும். பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்ஜெக்டரைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் மண்ணை ஏர் அடித்து ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அந்த மண் போர்ட்டுக்குள் விழுந்தால் நேராக வால்வு சீட்டுக்குப் போகும். ஈவி1 கனெக்டரின் கம்பி கிளிப்பை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது மேலே ஒரு விரல் வைத்திருங்கள், துள்ளி விழுந்தால் கிடைக்காது. பிளாஸ்டிக் பொடியாக உதிர்ந்தால் கனெக்டரையே மாற்றிவிடுங்கள். அடாப்டர் வயரைவிட, சரியான கனெக்டரை ஒழுங்காக கிரிம்ப் செய்வது நீண்ட நாள் உழைக்கும்.

ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்றியபின் ஒரு பக்கம் மட்டும் நெம்பாமல், இரு பக்கமும் மாறி மாறி அசைத்துத் தூக்குங்கள். ஓட்டைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பழைய ஓ-ரிங்கின் துண்டு எதுவும் உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழையதன் மேல் புதியதைச் சொருகினால் உடனே கசியாது. சூடேறி ஆறிய பிறகு கசியும்.

புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்துங்கள். உட்கார்ந்தபின் இன்ஜெக்டரைக் கையால் திருப்பினால் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் ஓ-ரிங் மடங்கியிருக்கிறது, எடுத்து மாற்றுங்கள்.

வால் பகுதியில் ஹோஸ் சொருகிய பழைய இன்ஜெக்டர்களில், பழைய ஹோஸைக் கத்தியால் அறுக்கும்போது கத்தி உலோகத்தில் கோடு போட்டுவிடக் கூடாது. அந்தக் கோட்டின் வழியாகப் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை நோக்கிக் கசியும். ஹோஸ், ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கென்றே அழுத்தம் தாங்கும்படி செய்ததாக இருக்க வேண்டும். கார்ப்புரேட்டருக்கு விற்கும் ஹோஸ் இந்த அழுத்தத்துக்கானது இல்லை.

எல்லாம் மாட்டி, ஃபியூஸைப் போட்டு, பாட்டரியை இணைத்தபின் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சாவியை ஐந்து விநாடி ஆன், பிறகு ஆஃப், இப்படி நாலைந்து தடவை. மடல் வகை ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள கார்கள் பலவற்றில் காற்று ஓடாமல் பம்ப் ஓடாது, ஆகவே பம்ப் ரிலேயைத் தற்காலிகமாக பிரிட்ஜ் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் கீழும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஸ்டார்ட்டே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆனபின், கலவையை எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் இருந்தால் வேலை எளிது. சூடேறிய ஐட்லிங்கில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 பக்கம் இருக்க வேண்டும். முழு திராட்டிலில் டர்போ இல்லாத இன்ஜின் 12.5க்கும் 13க்கும் இடையில், டர்போ 11.5 பக்கம். ஐட்லிங்கில் ரிச், மேலே சரி என்றால் டெட் டைம் ஒத்துவரவில்லை. எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் விலகினால் சிசியோ அழுத்தமோ தவறு. ஒரு சிலிண்டரின் பிளக் மட்டும் வெளுத்திருந்தால் அந்த இன்ஜெக்டரையோ, அதன் கீழ் ஓ-ரிங்கில் காற்று நுழைவதையோ பாருங்கள். அந்த ஓ-ரிங்கைச் சுற்றி கார்ப் கிளீனர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடான இன்ஜினில் அது தீயோடு விளையாட்டு. புகை டெஸ்டர் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மறுநாள் காலை, முழுக்க ஆறிய நிலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்னொரு தடவை டிஷ்யூ சோதனை. ஓ-ரிங் முதன்முதலாகச் சூடேறிச் சுருங்கிய பிறகுதான் பல கசிவுகள் வெளியே வரும்.

கழற்றிய பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்த சிலிண்டரில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதி, உள்ளே இரண்டு சொட்டு ஆயில் விட்டு, இரு முனையையும் மூடி, அளந்த ஓமும் சிசியும் உள்ள தாளோடு சேர்த்து வையுங்கள்.